சித்திரைக் கடலுக்கு மார்கழிப் பயிற்சி

பனி பெய்யாத கொழும்பிலே குளிர்காலப் பயிற்சி என்பது யாது? ஊதியமும் பரிசும் கருதாமல், விடியலுக்கு முன்னரே கடலிலும் வீதியிலும் உடலைப் பழக்குகின்ற நெடுந்தூர வீரர்களின் அப்பியாசம், ஆகாரம், வாசிப்பு ஆகியவை பற்றிய சிறப்புக் கட்டுரை.

கொள்ளுப்பிட்டிப் புகையிரத நிலையத்திலிருந்து பம்பலப்பிட்டி வழியாக வெள்ளவத்தை வரையில் தண்டவாளமும் கடலும் ஒன்றையொன்று விலகாமற் செல்கின்ற அந்தக் குறுகிய கரையோரத்தில், கார்த்திகையின் அடைமழை ஓய்ந்து மார்கழி பிறக்கின்ற நாட்களிலே, கோவில்களில் திருவெம்பாவை ஓதுகின்ற அதே வைகறைப் பொழுதில், வேறொரு வகையான விரதத்தை மேற்கொண்ட சிலர் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறார்கள். வங்கியிலே கணக்கெழுதுபவர், நீதிமன்றத்திலே வாதாடுபவர், பாடசாலையிலே கற்பிப்பவர், காலி வீதியிலே கடை வைத்திருப்பவர் என்று பகலிலே பல தொழில் புரிகின்ற இவர்களை ஒன்றுசேர்ப்பது ஒரேயொரு சங்கற்பம். நாற்பத்திரண்டு கிலோமீற்றர் மரதன் ஓடுவதையோ, கடலிலே பல மைல் நீந்துவதையோ, நீச்சலும் சைக்கிளோட்டமும் ஓட்டமும் ஒன்றன்பின் ஒன்றாய் அமைந்த முப்போட்டியை முடிப்பதையோ, ஒருவரும் வற்புறுத்தாமல் தாமாகவே அவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இவர்களை அமெச்சூர் வீரர் என்று விளையாட்டுலகம் அழைக்கிறது. அரசாங்கத்தின் உதவிப் பணமோ, முழுநேரப் பயிற்றுநரோ, வைத்தியக் குழுவோ இல்லாத இவர்களுக்கு உள்ள மூலதனமெல்லாம், அலுவலகம் திறப்பதற்கு முன்னே கிடைக்கின்ற இரண்டு மணி நேரமும், அதற்காக முன்னிரவிலேயே துறந்துவிட வேண்டிய கேளிக்கைகளுமே. ஆகையால், எந்த மாதத்தில் எதைச் செய்யவேண்டும் என்பதை இவர்கள் பிழையறத் தெரிந்திருக்க வேண்டும். இங்கேதான் ஒரு சங்கடம் எழுகிறது. இவர்கள் கற்கின்ற நூல்கள் பெரும்பாலும் பனி நாடுகளிலே எழுதப்பட்டவை. அந்நூல்களிலே குளிர்காலம் என்பது பாதைகள் உறைந்து, பகல் சுருங்கி, வரப்போகின்ற கோடைப் போட்டிகளுக்காக வீரன் பொறுமையோடு அடித்தளம் இடுகின்ற காலம். கொழும்பிலோ தை மாதத்து இரவிலும் வெப்பம் சராசரியாக 22 பாகை செல்சியசில் நிற்கும். நண்பகலில் 30 பாகையைத் தாண்டும். கடல்நீர் 27, 28 பாகையில் வெதுவெதுப்பாக இருக்கும்.

ஆயினும் நமக்கும் ஒரு குளிர்காலம் உண்டு. அதனை அறிய வெப்பமானியைப் பார்ப்பதைவிடக் காற்றின் திசையைப் பார்ப்பதே தகும். அக்காற்றின் ஒழுங்கை அறிந்து தன் ஆண்டை வகுத்துக்கொள்பவனே இந்த நாட்டில் நெடுந்தூர வீரனாக முடியும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

காற்றின் பஞ்சாங்கம்

வைகாசி முதல் புரட்டாதி வரையில் தென்மேற்கிலிருந்து வீசுகின்ற சோழகம் கொழும்புக் கடலைக் கொந்தளிக்கச் செய்கிறது. கரையோரக் கற்களிலே அலை மோதித் தண்டவாளத்தின்மேல் நீர் தெறிக்கின்ற அந்த மாதங்களில் கடலில் இறங்குவதை வீரமென்று சொல்ல இயலாது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பருவங்கள் மாறுகின்ற இடைவெளியில் பிற்பகல்தோறும் இடியும் மழையும் நகரை நனைக்கின்றன. அதன் பின்னரே வடகிழக்கு வாடை நிலைகொள்கிறது. வங்காள விரிகுடாவின் ஈரத்தைச் சுமந்து வருகின்ற அந்தக் காற்று, கிழக்குக் கரையிலும் மத்திய மலைநாட்டின் கீழைச் சரிவுகளிலும் தன் மழையைக் கொட்டிவிட்டு, மேற்குக் கரையை அடையும்போது உலர்ந்த காற்றாகிவிடுகிறது. நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலையும் அடங்கிவிடுகிறது. ஆங்கில ஜனவரியும் பெப்ரவரியும் கொழும்பிலே மழை மிகக் குறைந்த மாதங்கள் என்பதற்கும், அம்மாதங்களின் வைகறையில் கொள்ளுப்பிட்டிக் கடல் குளம்போற் கிடப்பதற்கும் காரணம் இதுவே.

இதே நாட்களில் வல்வெட்டித்துறையிலும் பருத்தித்துறையிலும் நிலைமை நேர்மாறாக இருக்கும். வாடை வடகடலைக் கலக்கிக்கொண்டிருக்க, வள்ளங்கள் கரையிலே இழுத்து வைக்கப்பட்டிருக்கும். இந்த உண்மையை நமது மீனவர்கள் எந்த நூலையும் படிக்காமலே அறிந்து தங்கள் வாழ்க்கையை அமைத்திருக்கிறார்கள். நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளின் மீனவர் பலர் சோழகக் காலத்தில் கிழக்குக் கரைக்குப் பெயர்ந்து வாடி அமைத்துத் தொழில் செய்து, வாடை தொடங்கியதும் மேற்குக் கரைக்கு மீள்வது நெடுங்கால வழக்கம். வடபகுதியிலே பிறந்து கொழும்பிலே தொழில் புரிகின்ற நீச்சல் வீரனுக்கு இதனால் ஓர் அரிய வசதி வாய்க்கிறது. ஊர்க் கடல் கொந்தளிக்கின்ற மாதங்களிலே மேற்குக் கடலில் உடலைப் பழக்கிக்கொண்டு, வாடை ஓய்ந்தும் சோழகம் பிறவாமலும் இருக்கின்ற பங்குனி, சித்திரை அமைதியிலே அவன் பாக்கு நீரிணையை அணுகலாம்.

நீரிணையைக் கடந்தவர்களின் சரித்திரம் இதனை உறுதிப்படுத்துகிறது. தொண்டைமானாற்று வீரர் மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்தி, பாக்கு நீரிணையை முதன்முதலிற் கடந்தவர் என்ற கீர்த்தியைப் பெற்றது 1954 ஆம் ஆண்டு பங்குனியில். அவருக்கு அதற்கு 27 மணி நேரம் பிடித்தது. வங்காளத்து மிகிர் சென் 1966 இலும், பன்னிரண்டு வயதுச் சிறுவனாயிருந்த சென்னைக் குற்றாலீசுவரன் 1994 இலும் கடந்தது ஏப்ரல் மாதத்தில். இலங்கை விமானப்படையைச் சேர்ந்த ரொஷான் அபேசுந்தர தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தித் திரும்பி, 59.3 கிலோமீற்றரை 28 மணி 19 நிமிடத்தில் முடித்ததும் 2021 ஏப்ரலிலேதான். அங்ஙனமாயின் அவர்களுடைய கடும் பயிற்சிக்குரிய மாதங்கள் எவை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஆழிக்குமரன் காட்டிய வழி

அபேசுந்தர முறியடித்த சாதனை ஐம்பது ஆண்டுகள் நிலைத்து நின்ற ஒன்று. வல்வெட்டித்துறையிலே 1943 ஆம் ஆண்டில் பிறந்து, பிற்காலத்தில் ஆழிக்குமரன் என்று தமிழ் மக்களாற் கொண்டாடப்பட்ட வி. எஸ். குமார் ஆனந்தன், 1971 இல் நீரிணையை ஒரே முயற்சியிலே இருமுறை, போகவும் வரவும், 51 மணி நேரத்தில் நீந்தி முடித்தார். இரண்டு இரவுகளையும் இரண்டு பகல்களையும் உறங்காமல் உப்புநீரிலே கழித்த அந்த மனிதர், நீச்சலைச் சீவனோபாயமாகக் கொண்டவர் அல்லர். அவர் ஒரு சட்டத்தரணி. நூல்களோடும் வழக்கேடுகளோடும் மேசையிலே அமர்ந்திருக்க வேண்டிய ஒரு தொழிலில் இருந்துகொண்டே, ஒற்றைக் காலிலே 33 மணி நேரம் நிற்றல் முதலான பல அசாதாரணச் சாதனைகளாலே கின்னஸ் நூலில் மீண்டும் மீண்டும் தம் பெயரைப் பொறிக்கச் செய்தார்.

ஒற்றைக் காலில் நிற்பதை வேடிக்கையென்று எண்ணுவோர் உண்டு. ஆனால், அச்சாதனைகளை ஒன்றாக வைத்து நோக்கினால் அவற்றினூடே ஓர் ஒழுங்கு தெரிகிறது. வேகமும் பலமும் இயற்கையின் கொடை. சலியாமை மட்டும் பழக்கத்தால் ஈட்டத்தக்க செல்வம் என்பதை அவர் தெளிந்திருந்தார். உடலின் எந்த நிலையையும் நீண்ட நேரம் தாங்குவதற்கு மனம் பழகிவிட்டால் எஞ்சியவை கணக்கும் ஆயத்தமுமே. அமெச்சூர் வீரனுக்கு இதைவிட நம்பிக்கையளிக்கும் உபதேசம் வேறில்லை. முப்பத்தைந்து வயதிலே நூறு மீற்றர் ஓட்டத்திற் புதிதாகப் புகுந்து புகழ் பெறுவது நடவாத காரியம்; அதே வயதிலே நெடுந்தூர ஓட்டத்தைத் தொடங்கி, பத்தாண்டுகள் படிப்படியாக முன்னேறுவது எவருக்கும் இயலக்கூடியதே.

மெதுவாகச் செல்லும் வித்தை

பனி நாட்டு நூல்கள் கூறும் குளிர்காலப் பயிற்சியில் நமக்கு ஏற்புடையது ஒன்று உண்டு. அது அடித்தளத் தத்துவம். நியூசிலாந்தில் சப்பாத்துத் தொழிற்சாலையிலே வேலை செய்துகொண்டு, தம் உடலையே பரிசோதனைச் சாலையாக்கி ஓட்ட முறையொன்றை வகுத்த ஆர்தர் லிடியார்ட், குளிர்கால வாரங்களில் தம் மாணவரை மூச்சிரைக்காத வேகத்திலே வாரத்துக்கு நூறு மைல் வரையில் ஓடச் செய்தார். அவரிடம் பயின்ற இளைஞர்களான பீற்றர் ஸ்னெல் 800 மீற்றரிலும், மரே ஹல்பேர்க் 5,000 மீற்றரிலும் 1960 ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கிலே ஒரே பிற்பகலில் தங்கம் வென்றபோது, அரை மைலுக்குச் சற்றே குறைந்த தூரம் ஓடுபவனுக்கும் நெடுந்தூரப் பழக்கம் எதற்கு என்று ஏளனம் செய்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

அதன் காரணத்தை உடற்றொழிலியல் பின்னர் விளக்கியது. மெதுவான நீண்ட பயிற்சி, தசை நார்களைச் சூழ்ந்த மயிர்த்துளைக் குழாய்களைப் பெருக்குகிறது. கலங்களினுள்ளே பிராணவாயுவைக் கொண்டு சக்தியைப் பிறப்பிக்கும் இழைமணிகளை அதிகரிக்கிறது. இருதயம் ஒரு துடிப்பிலே தள்ளுகின்ற குருதியின் அளவைக் கூட்டுகிறது. கொழுப்பை எரித்துச் சக்தி பெறும் ஆற்றலை வளர்க்கிறது. இவை வாரங்களில் அல்ல, மாதங்களில் நிகழ்கின்ற மாற்றங்கள். கடினமான பயிற்சியை நாள்தோறும் செய்பவன் இவற்றை விரைவுபடுத்துவதில்லை, காயத்தையே விரைவுபடுத்துகிறான். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகமே பெரும்பாலான நாட்களுக்கு உரிய வேகம். வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் கடுமை, ஞாயிறு நீண்ட ஓட்டம், ஒரு நாள் பூரண ஓய்வு என்ற அமைப்பு, தொழில் புரிபவனுக்குப் பொருந்துவதாக அனுபவத்திற் கண்டது.

கொழும்பிலே இதற்குரிய இடங்கள் உண்டு. மரைன் டிரைவ் எனப்படும் கரையோர வீதியும் காலிமுகத் திடலும் விடியற்காலை ஓட்டத்துக்கு உகந்தவை. விகாரமகாதேவிப் பூங்காவும் சுதந்திர சதுக்கமும் நிழலும் மண்ணும் தருபவை. கடல் நீச்சலுக்கு, 1941 ஆம் ஆண்டில் தோன்றி வெள்ளவத்தைக் கரையிலே நீச்சலையும் உயிர்காப்பையும் கற்பித்து வருகின்ற கின்ரோஸ் கழகத்தின் பெயரை நன்றியோடு குறிப்பிடுதல் வேண்டும். கொள்ளுப்பிட்டியிலே காலி வீதியின் கடற்புறத்தில் 1938 இலிருந்து விளங்குகின்ற கொழும்பு நீச்சற் கழகமோ, தொடக்கத்தில் ஐரோப்பியருக்கே உரியதாயிருந்தது. அந்த மதிலுக்கு வெளியே கிடந்த கடல் மட்டும் எவருக்கும் கட்டணமின்றித் திறந்திருந்தது.

இந்நகரிலே 2018, 2019, 2020 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நடைபெற்ற அயன்மேன் 70.3 முப்போட்டி, தெற்காசியாவிலே அவ்வகையில் முதலாவது. 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிளோட்டம், 21.1 கிலோமீற்றர் ஓட்டம் என்பன அதன் அங்கங்கள். அதனை நடத்தியோர் தேர்ந்துகொண்ட மாதம் பெப்ரவரி. வெளிநாட்டிலிருந்து வந்தோர் பலர் தங்கள் பனிக்காலத்தின் நடுவிலே வீட்டினுள் உருளையின்மேல் சைக்கிள் மிதித்துவிட்டு வந்து, நமது வெயிலிலே வாடியபோது, மார்கழி முழுவதும் இங்கே பழகியவர்களுக்கு அந்த வெயில் அந்நியமாக இருக்கவில்லை. வெப்பத்துக்கு உடல் பழகுவதற்குப் பத்து முதல் பதினான்கு நாட்கள் போதும் என்கிறது விஞ்ஞானம். அந்நாட்களிலே குருதியின் நீர்ப்பகுதி பெருகுகிறது, வியர்வை முந்திச் சுரக்கிறது, அதிலே உப்பு குறைகிறது. ஆனால், காற்றிலே ஈரம் மிகுந்த இந்நகரில் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுவதால், சுரந்த வியர்வை அனைத்தும் உடலைக் குளிர்விக்கும் என்று நம்பலாகாது. வாடைக் காலத்தின் உலர்ந்த வைகறையை விட்டுவிட்டுப் பிற்பகலிலே நீண்ட ஓட்டம் ஓடுவது, கிடைத்த சலுகையை வீணாக்குவதாகும்.

சலுகையோடு ஒரு கேடும் வருகிறது. அதே வாடை, வட இந்தியாவின் புகைமாசையும் சில நாட்களிலே நம் வானத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. மார்கழி, தை மாதங்களில் கொழும்பின் காற்றுத் தரம் கெடுகின்ற நாட்களை அறிவிப்புகளிலே பார்த்து, அந்நாட்களில் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். அவ்வாறே, பெருமழை பெய்த மறுநாட்களில் வெள்ளவத்தைக் கால்வாய் கடலிற் கலக்கும் இடத்துக்கு அருகே நீந்தாதிருப்பதும் நன்று.

ஆகாரம்

இனி உணவு. நெடுந்தூர வீரனின் உணவைப் பற்றி இன்று விற்பனைக்கு வருகின்ற தூள்களும் பாகுகளும் மிகப் பல. அவற்றை வாங்குமுன்னர் சில எளிய கணக்குகளை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். மனித உடல் தசையிலும் ஈரலிலும் கிளைக்கோசன் என்ற உருவிலே சேமித்து வைக்கின்ற மாச்சத்து ஏறத்தாழ 400 முதல் 500 கிராம். அதன் சக்தி 2,000 கலோரியளவு. 65 கிலோ நிறையுடைய ஒருவர் மரதன் ஓடி முடிக்க ஏறத்தாழ 2,700 கலோரி செலவிட வேண்டும். முப்பதாவது கிலோமீற்றருக்குப் பின் பலருடைய கால்கள் சுமையாகிவிடுவதன் இரகசியம் இந்தக் கழித்தலிலே இருக்கிறது. போட்டிக்கு முந்திய நாட்களில் மாச்சத்தைக் கூட்டி உண்டு அந்தச் சேமிப்பைப் பெருக்கலாம் என்பதைச் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் 1967 இலே நிறுவினர். ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் வரையில் மாச்சத்து உட்கொண்டால், அந்தச் சேமிப்புத் தீர்வதைத் தாமதிக்கச் செய்யலாம்.

இதற்காகக் கடல் கடந்து வரும் பொதியை நாடவேண்டியது கட்டாயமன்று. சிவப்பரிசிப் புட்டும், குரக்கன் புட்டும், இடியப்பமும் சொதியும், மரவள்ளிக் கிழங்கும் நம் அடுக்களையிலே இருக்கின்றன. தை மாதத்திலே பாத்தியைக் கிண்டி எடுக்கின்ற பனங்கிழங்கு, அவித்து உலர்த்தினாற் புழுக்கொடியலாகிறது. சட்டைப் பையிலே போட்டுக்கொண்டு நாள் முழுவதும் சைக்கிள் மிதிக்கிறவன் மென்று தின்பதற்கு அதனைப் போன்ற பண்டம் அரிது. பனங்கட்டித் துண்டும் வாழைப்பழமும் உடனடிச் சக்திக்கு உதவுகின்றன. பயிற்சி முடிந்தபின் தசையைப் பழுதுபார்க்கும் புரதத்துக்கு மீனும் முட்டையும், சைவ உணவினருக்குப் பச்சைப்பயறும் கடலையும் உழுத்தம்மாக் களியும் தயிரும் உள்ளன. நெத்தலியும் நண்டும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் இட்டு ஒடியல் மாவிலே காய்ச்சுகின்ற கூழ், மாச்சத்தும் புரதமும் உப்பும் நீரும் ஒரே பாத்திரத்தில் அமைந்த ஒரு பூரண போசனம். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்குப் பின் அதற்கு ஈடாக ஒன்றையும் எந்த விற்பனையாளரும் கொண்டு வந்து காட்டியதில்லை.

நீரைப் பற்றி இரு பக்கத்துத் தவறுகளும் உள்ளன. கொழும்பிலே கடுமையாக ஓடுபவர் மணிக்கு ஒரு லீற்றருக்கு மேலும் வியர்வை இழக்கக்கூடும். ஓடுமுன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் என்பது விளங்கும். எனினும், தாகத்துக்கு மிஞ்சி வெறும் நீரை மொண்டு குடிப்பவர் குருதியிலுள்ள உப்பை நீர்த்துப்போகச் செய்கிறார். 2002 ஆம் ஆண்டு பொஸ்டன் மரதனில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு இந்நிலை இருந்தது. இது முற்றினால் உயிருக்கே ஆபத்து. இளநீர் சிறந்ததே, ஆனால், அதிலே பொட்டாசியம் மிகுதி, வியர்வையிலே நாம் இழக்கின்ற சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்பைச் சேர்த்துவிட்டால் அக்குறை தீரும்.

மெலிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மார்கழி விரதங்களும் பயிற்சியும் ஒன்றாக வருகின்ற காலம் இது. பிள்ளையார் பெருங்கதை விரதத்தை இருபத்தொரு நாளும் ஒருவேளை உணவோடு நோற்பவர், அந்நாட்களிலே தூரத்தைக் குறைத்துக்கொண்டு மெதுவாக ஓடுவாராயின் இரண்டுக்கும் பங்கமில்லை. இரண்டையும் முழு உக்கிரத்தோடு நடத்த முற்படுவதே பிழை. நிறை குறைந்தால் வேகம் கூடும் என்ற ஆசையால், செலவிடும் சக்திக்கு ஏற்ப உண்ணாமல் விடுவோருக்கு எலும்பு தேய்வதும், பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவதும், நோயெதிர்ப்புக் குன்றுவதும் நேருமென்று சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 இலே எச்சரித்தது. வள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தின் பெரும்பகுதியை உணவின் அளவுக்கே ஒதுக்கியிருக்கிறார் என்பதையும், அங்கே அவர் மிகுதியைப் போலவே குறைவையும் நோயின் காரணமாகச் சேர்த்துச் சொல்லியிருக்கிறார் என்பதையும் நம் வீரர் நினைத்துக்கொள்வது நலம்.

வாசிப்பு

நெடுந்தூர வீரன் ஏன் வாசிக்கவேண்டும்? பயிற்றுநர் இல்லாதவனுக்கு நூலே பயிற்றுநர் என்பது முதற் காரணம். நாள்தோறும் தனிமையிலே பல மணி நேரத்தைக் கழிக்க வேண்டியவனுடைய மனத்துக்கும் ஆகாரம் வேண்டும் என்பது இரண்டாவது. கொள்ளுப்பிட்டியிலே அல்பிரட் ஹவுஸ் தோட்டத்திலுள்ள பிரிட்டிஷ் கவுன்சில் நூலகமும், விகாரமகாதேவிப் பூங்காவை அடுத்துள்ள கொழும்பு பொது நூலகமும், வெள்ளவத்தையிலே 1942 இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகமும் காலால் நடந்தே எட்டக்கூடிய தூரத்தில் இருக்கின்றன.

ஆனால், வாசிப்பிலும் விவேகம் வேண்டும். தென்னாபிரிக்க வைத்தியர் ரிம் நோக்ஸ் 1985 இல் வெளியிட்ட ஓட்ட நூல் பல பதிப்புக் கண்டு, ஓட்ட வீரர்களின் வேதநூல் போல மதிக்கப்பட்டது. மாச்சத்தை வற்புறுத்திய அந்நூலின் உணவுப் பகுதியைப் பிற்காலத்தில் அவரே மறுத்துவிட்டார். இதனால் அறியத்தக்கது, எந்த நூலையும் அது பிறந்த காலத்தோடும் தேசத்தோடும் சேர்த்தே வாசிக்கவேண்டும் என்பது. செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாத்தோபெக் இராணுவச் சப்பாத்தோடு பனியிலே ஓடிப் பழகி, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் ஆகிய மூன்றையும் வென்ற வரலாற்றைப் படிப்பவன், அவருடைய சப்பாத்தைப் பின்பற்ற வேண்டியதில்லை. தன் நாட்டின் பருவம் தருகின்ற இடையூற்றையே பயிற்சிக் கருவியாக மாற்றிக்கொண்ட அந்த மனோபாவத்தையே பின்பற்ற வேண்டும். யப்பானிய நாவலாசிரியர் ஹருகி முரகாமி, எழுத்துத் தொழிலைத் தொடர்வதற்கான தேக பலத்தை வேண்டி முப்பத்து மூன்றாம் வயதிலே ஓடத் தொடங்கி, அதைப்பற்றி 2007 இல் எழுதிய நூலும் இவ்வகையில் நல்ல துணை. மேசையிலமர்ந்து தொழில் புரிபவனின் ஓட்டத்தை அது உள்ளிருந்து சொல்லுகிறது.

நமது நாட்டின் கதையொன்றை யப்பானியச் சிறுவர் பாடநூலிலே படித்தார்கள் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1964 ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கின் 10,000 மீற்றர் ஓட்டத்தில், 67 ஆம் இலக்கத்தை அணிந்திருந்த இலங்கை வீரர் ரணதுங்க கருணானந்த, மற்றவர் யாவரும் முடித்துவிட்ட பின்னரும், எஞ்சியிருந்த சுற்றுக்களைத் தன்னந்தனியே ஓடி நிறைவு செய்தார். முதலிற் சிரித்த கூட்டம் இறுதியில் எழுந்து நின்று கரகோஷம் செய்தது. வெற்றி பெற்றோர் பலரின் பெயரை மறந்துவிட்ட ஒரு தேசம், கடைசியாக வந்தவரைத் தன் பிள்ளைகளுக்குப் பாடமாக வைத்தது. கருணானந்தவின் சரிதமும் ஆழிக்குமரனின் சரிதமும், நவரத்தினசாமியின் சரிதமும், நம் பாடசாலை நூலகங்களிலே தக்க நூல்களாக இடம்பெறவேண்டியவை.

மூன்று வார எச்சரிக்கை

வாசிப்பு ஊக்கத்தை மட்டுமன்றி எச்சரிக்கையையும் தரவேண்டும். 1984 ஆம் ஆண்டின் மூன்று வாரங்களுக்குள் நிகழ்ந்த மூன்று சம்பவங்கள் இதற்குப் போதிய சான்று. ஓட்டத்தைப் பற்றித் தாம் 1977 இல் எழுதிய நூலாலே அமெரிக்க மக்களைப் பெருந்தொகையாக வீதிக்கு அழைத்துவந்த ஜிம் ஃபிக்ஸ், ஜூலை 20 ஆம் நாள், ஓடிக்கொண்டிருக்கையில் மாரடைப்பால் இறந்தார், வயது 52. அவருடைய தந்தையும் இளவயதிலேயே இருதய நோயால் மாண்டவர். மகனோ, ஓடுபவனுக்கு அந்தப் பாரம்பரியம் பொருந்தாது என்ற நினைவிலே வைத்தியரை நாடாதிருந்தார். ஆகஸ்ட் 5 ஆம் நாள் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே பெண்களுக்கான முதலாவது ஒலிம்பிக் மரதன் நடந்தபோது, வெப்பத்தால் நிலைகுலைந்த சுவிற்சர்லாந்து வீராங்கனை கபிரியேலா ஆண்டர்சன் இறுதிச் சுற்றைத் தள்ளாடித் தள்ளாடி முடித்ததை உலகமே கண்டது. மறுநாள், ஆகஸ்ட் 6 இல், ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்ற நமது ஆழிக்குமரன் அந்த முயற்சியிலே உயிர்நீத்தார்; அவருக்கு வயது 41.

பாக்கு நீரிணை 28 பாகை. ஆங்கிலக் கால்வாய் கோடையின் உச்சத்திலும் 16 முதல் 18 பாகை. கால்வாயை நீந்த விரும்புபவர் ஏறத்தாழ 16 பாகை அல்லது அதற்குக் குறைந்த நீரில் ஆறு மணி நேரம் நீந்தித் தகுதியை நிரூபிக்க வேண்டும் என்பது இன்றைய விதி. நம் நாட்டில் மெய்யான குளிர் என்பது கடல் மட்டத்துக்கு 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் மட்டுமே. அங்கே தை, மாசி விடியலில் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. வெப்பக் கடலிலே எய்திய தேர்ச்சி குளிர்க் கடலிலே தானாக உதவாது, குளிர் நாட்டுத் தேர்ச்சி இங்கே உதவாது என்னும் உண்மையை இவ்விரு கடல்களுக்கும் இடையிலுள்ள வேற்றுமை நமக்கு உணர்த்துகிறது. ஒவ்வொரு கடலுக்கும் அதற்குரிய ஆயத்தம் உண்டு.

செய்யத்தக்கது

இதனைப் படித்து ஊக்கம் கொள்ளும் வாசகருக்கு நாம் சொல்லக்கூடியவை சில. முப்பத்தைந்து வயதைக் கடந்தவரும், குடும்பத்திலே இருதய நோயோ நீரிழிவோ உள்ளவரும் முதலில் வைத்தியரைக் காண்க. முதல் மாதத்திலே நடையும் மெதுவான ஓட்டமும் போதும். கடலிலே ஒருபோதும் தனியே இறங்காதீர். கரைக்குச் சமாந்தரமாக, நிற மிதவையொன்றைக் கட்டிக்கொண்டு, குழுவாகவே நீந்துக. சோழகம் பிறந்தால் தடாகத்துக்குத் திரும்பிவிடுக.

மாநகர சபைக்கும் ஒரு விண்ணப்பம். கொள்ளுப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் இடைப்பட்ட இக்கரையிலே விடியற்காலையில் ஓடுவோரும் நீந்துவோரும் ஆண்டுக்காண்டு பெருகுகிறார்கள். வாடைக் காலம் தொடங்கி சித்திரை முடியும் வரையிலான ஐந்து மாதங்களுக்கு மட்டுமாவது, காலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரையில் பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர் இருவரை நிறுத்தி, நீந்துவதற்குரிய எல்லையை மிதவைகளாற் குறித்து, கடலின் நிலையை அறிவிக்கும் பலகையொன்றையும் நாட்டினால், அதற்காகும் செலவு சொற்பம். அதனாற் காக்கப்படும் உயிர்களோ விலைமதிப்பற்றவை. அடுத்த மார்கழிக்கு முன்னரே இதனைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.